கவர்மெண்ட் சம்பளம், இன்சூரன்ஸ் பத்தி சொந்தக்காரங்க கேட்டா எப்படி கணக்கு சொல்றது

போன மாசம் கோவில்பட்டி பக்கத்துல ஒரு சடங்கு வீடு. பந்தியில உக்காந்திருக்கேன், சாம்பார் வாளி என் இலைக்கு வந்திருச்சு, அப்ப எதிர் வரிசையில இருந்து என் கொழுந்தன் "மைனிக்கென்ன, கவர்மெண்ட்டு, மாசம் பொறந்தா லட்ச ரூபா, ஆஸ்பத்திரிக்குப் போனா சல்லிக்காசு செலவில்ல"ன்னு சத்தமா சொன்னான், சுத்தியிருந்த நாலு பேரும் ஆமா ஆமான்னு தலையாட்டினாங்க. அவன் கெட்டவன் இல்ல, ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிப்ட் பாத்து ரெண்டு பிள்ளைங்களப் படிக்க வைக்கிறவன். முன்னாடியெல்லாம் நான் சுள்ளுன்னு ஏதாவது சொல்லிருவேன், அப்புறம் ரெண்டு மாசம் பேச்சு இருக்காது. இப்ப அப்படிப் பண்றதில்ல. கணக்கக் காட்டிருவேன். ஜூனியர் அசிஸ்டெண்டா சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, இந்தப் பேச்சக் கேட்டுக் கேட்டு நான் கத்துக்கிட்ட முறைய அப்படியே எழுதுறேன், நம்ம ஆளுங்க யாருக்காவது உதவும்.

முதல்ல, கேட்ட அந்த இடத்துலயே பதில் சொல்லாதீங்க. பந்தியில, பஸ்ல, கல்யாண மண்டபத்து வாசல்ல சொன்னா நாலு பேரு முன்னாடி அவரும் விட்டுக்குடுக்க மாட்டாரு, நீங்களும் விட மாட்டீங்க. வீட்டுக்கு வரச் சொல்லுங்க, இல்ல நீங்க போங்க. களஞ்சியம் ஆப்ல பே ஸ்லிப்ப டவுன்லோடு பண்ணி பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. போன்ல காட்டினா ஒரு நிமிஷம் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்க, பேப்பர்ன்னா ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் பாப்பாங்க. சம்பளத்தக் காட்டக் கூச்சமாத்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா மறைக்க மறைக்கத்தான் லட்சம் லட்சம்னு கதை வளரும்.

உங்க ஸ்லிப்புக்கு முன்னாடி புதுசா சேர்ற பையனோட கணக்க எழுதிக் காட்டுங்க, ஏன்னா ஊர்ல எல்லாரும் மனசுல வச்சிருக்கிறது ரிட்டயர் ஆகப்போற ஹெட்மாஸ்டர் சம்பளத்த. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதி ஜூனியர் அசிஸ்டெண்டா சேர்ற பையனுக்கு பேசிக் 19,500. 2025 ஜூலையில இருந்து டிஏ, அதாவது அகவிலைப்படி, 58 சதவீதம், அது 11,310. ரெண்டும் சேந்து 30,810. மெடிக்கல் அலவன்ஸ்னு 300. வீட்டு வாடகைப் படி ஊரப் பொறுத்து மாறும், அதத் தனியா வச்சுக்கோங்க. இப்ப பிடித்தம் பக்கம் வாங்க. சிபிஎஸ்ங்கிற பங்களிப்பு பென்ஷனுக்கு 10 சதவீதம் 3,081, ஹெல்த் இன்சூரன்ஸ் 300, குடும்ப நல நிதி 110, மொத்தம் 3,491 போயிரும். வாடகைப் படி இல்லாம கைக்கு வர்றது 27,619. தொழில் வரி அரை வருஷத்துக்கு ஒருக்கா வேற. இந்த 27,619ங்கிற நம்பர வட்டம் போட்டுக் காட்டுங்க. என் கொழுந்தன் இந்த இடத்துல தான் முதல் தடவையா "இவ்ளோ தானா மைனி"ன்னு கேட்டான்.

ஆனா இங்கேயே நிறுத்தினா அது பாதிப் பொய், தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. பட்டதாரி ஆசிரியருக்கு ஆரம்ப பேசிக்கே 36,400, டிஏ சேத்தா 57 ஆயிரத்தத் தாண்டும், இருபது இருபத்தஞ்சு வருஷம் ஆனவங்க லட்சத்துக்கு மேல வாங்குறாங்க, அதையும் சொல்லணும். நீங்க சொல்லாட்டி அவரே பக்கத்து வீட்டு டீச்சரம்மாவச் சொல்லுவாரு, அதுக்கப்புறம் நீங்க சொன்ன 27,619ஐயும் நம்ப மாட்டாரு. அதே மாதிரி எதிர்ப்பக்கம் இருக்கிறவங்களையும் சொல்லுங்க. கவர்மெண்ட் ஸ்கூல்ல ஓவியம், தையல், விளையாட்டு சொல்லிக்குடுக்குற பகுதிநேர ஆசிரியர்கள் 2012ல மாசம் 5,000 ரூபாய்க்குத் தான் சேர்ந்தாங்க, அதுல எத்தனையோ பேரு இன்னைக்கு வரைக்கும் பணி நிரந்தரம் கேட்டு சென்னையில போய் ரோட்டுல உக்காந்து பாத்துட்டாங்க. ஊர்க்காரங்க கண்ணுக்கு அவங்களும் "கவர்மெண்ட்டு" தான்.

இப்ப இன்சூரன்ஸ். இங்க கொஞ்சம் நிதானமா உக்காருங்க, எல்லாரும் தப்பா நினைக்கிறது இங்க தான்.

நமக்கு சிகிச்சை ஃப்ரீன்னு ஒரு நினைப்பு ஊர்ல அப்படியே ஊறிப்போயிருக்கு. 2012ல மாசம் 150 பிடிச்சாங்க, 2016ல 180 ஆச்சு, 2021 ஜூலையில இருந்து 300. நம்ம சம்பளத்துல மாசாமாசம் பிடிக்கிற காசு. 2021 திட்டத்துல அதுக்குக் கிடைக்கிற கவரேஜ் நாலு வருஷத்துக்கும் சேத்து 5 லட்சம், குறிப்பிட்ட சில பெரிய நோய்க்கு மட்டும் 10 லட்சம் வரைக்கும். நாலு வருஷத்துக்கு, ஒரு வருஷத்துக்கு இல்ல, இத ரெண்டு தடவை சொல்லுங்க. கண்புரை ஆபரேஷனுக்கு 30,000, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு 50,000ன்னு தனித்தனியா உச்சவரம்பு வேற இருக்கு. அட்மிட் ஆகாம ஓபியில பாக்குற செலவுக்கு, சுகர் பிரஷர் மாத்திரைக்கு, ஒண்ணும் கிடையாது. கல்யாணம் ஆன ஊழியரோட அம்மா அப்பாவுக்கும் கிடையாது. "என்ன மைனி, பெத்தவங்களுக்கே கிடையாதா"ன்னு என் கொழுந்தன் ரெண்டு தரம் கேட்டான். எங்க அம்மாவுக்கு மூட்டு தேஞ்சு நடக்க முடியாமப் போனப்ப நகைய அடகு வச்சுத்தான் பாத்தேன்னு அன்னைக்குத் தான் அவனுக்குத் தெரியும்.

அதே பேப்பர்ல பக்கத்துலயே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்த எழுதுங்க. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு ஒரு பைசா கட்டாம ஒரு வருஷத்துக்கு 5 லட்சம். 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு ஆரம்பிச்சு 2012ல பேரு மாறி வந்தது. அவங்களுக்கு ஏன் குடுக்குறாங்கன்னு கேக்குறதுக்காக இத எழுதச் சொல்லல, அது குடுத்தே ஆகவேண்டிய திட்டம். ஃப்ரீன்னு ஜனங்க நம்ம பக்கம் கைய நீட்டுறாங்களே, உண்மையில ஃப்ரீ எங்க இருக்குன்னு புரியணும், அவ்ளோ தான்.

மில்லுல, கம்பெனியில வேலை பாக்குறவரா இருந்தா ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக் கணக்கையும் போடுங்க. 21,000க்குள்ள சம்பளம்னா ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. 18,000 சம்பளத்துக்கு இவரு கட்டுறது 135, மில்லு கட்டுறது 585. ஓபி உண்டு, மாத்திரை உண்டு, வருமானம் இல்லாத தாய் தகப்பனுக்கும் உண்டு. டிஸ்பென்சரியில வரிசையில நிக்கணும், அன்னைக்கு சம்பளம் போயிரும், அந்தக் கஷ்டம் வேற, அதையும் அவரு வாயாலயே சொல்ல விடுங்க. 135க்கு என்ன கிடைக்குது 300க்கு என்ன கிடைக்குதுன்னு ரெண்டு பேரும் சேந்து பாக்க ஆரம்பிச்ச உடனே சண்டை தன்னால அடங்கிரும்.

ஒரு கேள்வி கண்டிப்பா வரும், தயாரா இருங்க. மெடிக்கல் அலவன்ஸ் 300 குடுக்குறாங்க, இன்சூரன்ஸ் 300 பிடிக்கிறாங்க, அப்ப உங்களுக்கு ஃப்ரீ தானேன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி, மழுப்பாதீங்க. அந்த அலவன்ஸ் காய்ச்சல் தலைவலிக்குப் பாக்குற செலவுக்குன்னு குடுக்குறது, ஒரு தடவை டாக்டர் ஃபீஸ் குடுத்து மாத்திரை வாங்கினா முடிஞ்சு போயிரும், ஆனா ஸ்லிப்புல ரெண்டும் ஒரே தொகையா நிக்கிறது உண்மைன்னு ஒத்துக்கிட்டு மேல போங்க.

நம்பருக்கு மேல ஒரு சொந்த அனுபவமும் சொல்லுங்க. நான் என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பைக் கல்லு ஆபரேஷன் பண்ணினதச் சொல்லுவேன். லிஸ்ட்ல இருக்கிற ஆஸ்பத்திரி தான், கார்டு குடுத்தோம், இன்சூரன்ஸ் கவுண்டர்ல இருந்த பொண்ணு "மேடம் அப்ரூவல் 45 ஆயிரம் தான் வந்திருக்கு, பாக்கிய நீங்க கட்டிரணும்"னு ஒரு துண்டுச் சீட்டுல 38,000ன்னு பென்சில்ல எழுதிக் குடுத்துச்சு. பில்லு கேட்டேன், அதுக்கு பில்லு வராதுன்னாங்க. மறுநாள் காலையில ஆபரேஷன், அவரு வெறும் வயித்தோட படுத்திருக்காரு, என்ன சண்டை போட முடியும் அங்க, என் தம்பிக்குப் போன் பண்ணி பணம் வாங்கிக் கட்டினேன். அந்தத் துண்டுச் சீட்ட இன்னும் பைல்ல வச்சிருக்கேன். கொழுந்தன்கிட்ட அதத்தான் எடுத்துக் காட்டினேன், ரொம்ப நேரம் கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தான்.

நீங்க என்ன மாதிரி மாட்டிக்காம இருக்க ரெண்டு விஷயம், இது நம்ம ஊழியர்களுக்கு மட்டும். ஆஸ்பத்திரி பேரு லிஸ்ட்ல இருந்தாப் போதாது, உங்க சிகிச்சையப் பண்ண அந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி இருக்கான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேளுங்க, அப்ரூவல் காப்பிய வாங்கிக்கோங்க, எக்ஸ்ட்ரா கேட்டா ரசீது இல்லாம காசு குடுக்காதீங்க. அவசரத்துல லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாலும் கைய விட்டுராதீங்க, கலெக்டர் தலைமையில மாவட்ட அளவுல குழு இருக்கு, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்லு, ரிப்போர்ட் எல்லாம் வச்சு உங்க ஆபீஸ் வழியா விண்ணப்பிக்கலாம். அலையணும், ஆனா வாங்கினவங்க இருக்காங்க.

அடுத்து, "எங்க வரிப்பணம் பூரா உங்க சம்பளத்துக்கே போகுது". இதுக்கு பட்ஜெட்டே பதில். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல வருவாய் வரவு மதிப்பீடு 3,31,569 கோடி. சம்பளம் 90,464 கோடி, பென்ஷன் 41,290 கோடி, வட்டி 70,754 கோடி. ரூபாய்க்குக் கணக்குப் போட்டா சம்பளமும் பென்ஷனும் சேந்து 40 காசு, வட்டி 21 காசு. 40 காசு சின்னத் தொகை இல்ல, ஒத்துக்கோங்க. ஆனா பூராவும் இல்ல, அந்த 40 காசுல தான் உங்க ஊரு ஸ்கூல் டீச்சரு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, ராத்திரி ரோந்து போற போலீஸ்காரர் எல்லாரும் இருக்காங்கன்னு ஆள் ஆளா பேரச் சொல்லுங்க, பொதுவா ஊழியர்கள்னு சொன்னா யாருக்கும் மனசுல படாது.

பென்ஷன் பேச்சு வந்தா சுருக்கமா முடிங்க. 2003 ஏப்ரல் 1க்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, அதுக்குப் பதிலா வந்த சிபிஎஸ்க்குத் தான் பே ஸ்லிப்புல இருக்கிற அந்த 3,081 போகுது. 2026 ஜனவரியில கடைசிச் சம்பளத்துல பாதி பென்ஷன்னு புதுத் திட்டம் அறிவிச்சாங்க, அதுலயும் ஊழியர் பங்கு 10 சதவீதம் உண்டு.

எதுக்கு இவ்ளோ பொறுமையா விளக்கணும்னு என் கூட வேலை பாக்குறவங்களே கேக்குறாங்க. 2003 ஜூலைய நினைச்சுப் பாருங்க. ஸ்டிரைக் பண்ணின ஒண்ணே முக்கால் லட்சம் பேருக்குக் கிட்ட ஒரே அடியா டிஸ்மிஸ் பண்ணினாங்க, அப்ப எங்க தெருவுல "நல்லா வேணும்"னு சொன்னவங்கள என் காதால கேட்டேன், நான் அப்ப காலேஜ் படிக்கிற பொண்ணு, எங்க அப்பா டிஸ்மிஸ் ஆர்டர் வாங்கிட்டு வந்து திண்ணையில உக்காந்திருந்தாரு. 2019 ஜனவரியில ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களோட கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ ஸ்டிரைக், 21 மாச ஊதியக்குழு நிலுவையும் ஒரு கோரிக்கை, அப்பவும் ஜனங்க நம்ம பக்கம் நிக்கல. நம்ம கணக்கு அவங்களுக்குத் தெரியாது, நாமளும் சொல்லல.

ஒண்ணு மட்டும் செய்யவே செய்யாதீங்க. "நாங்க பரீட்சை எழுதி வந்தோம், நீயும் எழுதியிருக்கலாம்ல"ன்னு சொல்லாதீங்க. பிரைவேட் ஸ்கூல்ல அதே பாடத்த அதே பிள்ளைங்களுக்கு நடத்துற ஒரு டீச்சர் நம்ம சம்பளத்துல கால்வாசி கூட வாங்காம வீட்டுக்குப் போறாங்க, அவங்க வயித்தெரிச்சல் பொய்யில்ல. உங்களுக்கும் கூடணும்னு சொல்லுங்க, மனசாரச் சொல்லுங்க.

கடைசியா அவங்க வீட்டுக் கதையக் கேளுங்க. என் கொழுந்தன் அன்னைக்குப் பேப்பரெல்லாம் மடிச்சு வச்சிட்டு, அவன் மாமியாருக்கு நெஞ்சு வலி, ஆஞ்சியோ பண்ணச் சொல்றாங்க, காசுக்கு என்ன பண்றதுன்னு தெரியலன்னு சொன்னான். அந்தம்மா தனி ரேஷன் கார்டு, கூலி வேலை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இதுவரைக்கும் பேரே பதியல. வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு ஆதாரோட கலெக்டர் ஆபீஸ் கியாஸ்க்ல பதியணும்னு எழுதிக் குடுத்தேன். திங்கக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டிருக்கேன், கூடப் போறேன்.