மீத்தேன் எரிந்தால் எவ்வளவு வெப்பம்? பிணைப்பு ஆற்றலை வைத்து ஒரு கணக்கு

சாண எரிவாயு அடுப்பைத் திறந்துவிட்டால் மட்டும் தீ வராது. தீக்குச்சி கிழிக்க வேண்டும். காரணம், அணுக்களை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் பிணைப்பை அறுக்க ஆற்றல் செலவாகும். முதல் சில பிணைப்புகளை அறுக்கும் செலவைத் தீக்குச்சி ஏற்கிறது. பிறகு புதிய பிணைப்புகள் உருவாகும்போது வெளிவரும் வெப்பமே தீயை அணையாமல் வைத்திருக்கிறது. பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். நேர் தலைகீழ்!

அந்த வாயுவில் எரிவது மீத்தேன். அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்.

படி 1: படம் வரையுங்கள்

ஒரு மீத்தேனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு கார்பன் டை ஆக்சைடும் இரண்டு நீரும் ஆகின்றன. அணுக்களை எழுதி, பிணைப்பு உள்ள இடத்தில் இடையே கோடு போடுங்கள் (இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு கோடு). சோம்பல்பட்டு மனக்கணக்காகப் போட்டால் எண்ணிக்கை தப்பும்.

படி 2: செலவு (மோலுக்குக் கிலோஜூலில்)

பழைய பிணைப்புகளை அறுக்க ஆகும் ஆற்றல் இது. ஒவ்வொரு பிணைப்புக்குமான எண்ணை, அதாவது பிணைப்பு ஆற்றலை, பாடப்புத்தக அட்டவணையிலிருந்து எடுக்கலாம். மோல் என்பது மூலக்கூறுகளை மொத்தமாக எண்ணும் ஓர் அளவு, டஜன் போல, ஆனால் மிகப் பெரியது.

கார்பன்–ஹைட்ரஜன்: 4 × 413 = 1652
ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு: 2 × 498 = 996
மொத்தம்: 2648

படி 3: வரவு (புதிய பிணைப்புகள் உருவாகும்போது வெளிவருவது)

கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு: 2 × 799 = 1598
ஆக்சிஜன்–ஹைட்ரஜன்: 4 × 463 = 1852
மொத்தம்: 3450

வழுக்குகிற இடம் இதுதான். நீர் இரண்டு என்றதும் 2 × 463 போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு நீரிலும் இரண்டு பிணைப்புகள் உண்டு. இன்னொன்று, கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்கு அட்டவணையில் 745 என்றும் ஓர் எண் இருக்கும். அது ஆல்டிஹைடு, கீட்டோன் போன்ற கரிமச் சேர்மங்களுக்கான சராசரி. கார்பன் டை ஆக்சைடில் பிணைப்பு அதைவிட வலுவானது, அங்கே 799தான். 745ஐப் போட்டால் விடை 108 கிலோஜூல் குறைந்துவிடும்.

படி 4: கழியுங்கள்

2648 − 3450 = −802. கழித்தல் குறி வந்தால் வெப்பம் வெளியேறுகிறது என்று பொருள்.

ஒரு மோல் மீத்தேன் வெறும் 16 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். வெப்பம் முழுவதும் பாத்திரத்துக்கே போனால், அந்த 16 கிராமில் இரண்டரை லிட்டருக்கு மேல் கொதிநிலைக்கு வரும். நிஜ அடுப்பில் பாதி வெப்பம் பக்கவாட்டில் போய்விடும், அது வேறு கதை.

உங்கள் புத்தகத்தில் விடை −890 என்றிருந்தால் பதற வேண்டாம். நாம் நீரை ஆவியாகவே வைத்துக் கணக்கிட்டோம். அது குளிர்ந்து திரவமாகும்போது மோலுக்கு இன்னும் 44 கிலோஜூல் வரும். இரண்டு மோலுக்கு 88. கூட்டிப் பாருங்கள்.