வெப்கேம் மாடல் வேலைக்கு அழைக்கும் மெசேஜ்கள்: எந்தத் தவறுகளில் மாட்டுகிறோம்?

“ஹாய் டியர், உங்க ப்ரொஃபைல் எங்க ஏஜென்சிக்குப் பிடிச்சிருக்கு. வீட்டிலிருந்தே வேலை, வாரம் 5,000 டாலர் உறுதி. முகம் காட்ட வேண்டாம். டெலிகிராமுக்கு வாங்க.” இன்ஸ்டாகிராமிலும் எக்ஸிலும் பெண்களுக்கு அடிக்கடி வரும் மெசேஜ் இது. ஏற்கெனவே வெப்கேமில், அதாவது கேமரா முன் நேரலையில் பாலியல் காட்சி காட்டிச் சம்பாதிக்கும் தளங்களில், வேலை செய்கிறவர்களுக்கும் லைவ் ஆப்களில் ஹோஸ்டாக இருப்பவர்களுக்கும் இன்னும் கூடுதலாக வருகிறது. ஆண்களுக்கும் வருகிறது.

இப்படி வலை வீசுகிறவர்களுக்கு வேண்டியது மூன்றில் ஒன்று: உங்கள் பணம், உங்கள் அந்தரங்க வீடியோ, உங்கள் அடையாள ஆவணம். பேச்சு எவ்வளவு சுற்றி வளைத்துப் போனாலும் கடைசியில் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கும். எதை நோக்கிப் போகிறது என்று முதல் நாளே கவனியுங்கள்.

கணக்குப் போடாமல் தொகையை நம்புவது

சாட்டர்பேட் என்ற வெப்கேம் தளத்தில், பார்வையாளர் காசு கொடுத்து வாங்கித் தரும் ஒரு டோக்கனுக்கு மாடலுக்குக் கிடைப்பது 5 அமெரிக்க சென்ட். வாரம் 5,000 டாலர் வேண்டுமென்றால் 1,00,000 டோக்கன் சேர வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம் கேமரா முன் இருந்தாலும் மணிக்கு 3,300-க்கு மேல் வர வேண்டும். டோக்கன் கொடுப்பவர்கள் பார்வையாளர்கள். அவர்கள் எவ்வளவு தருவார்கள் என்று தளமே உறுதி சொல்லாதபோது, டிஎம்மில் வந்த ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? நிஜமான ஸ்டுடியோ, அதாவது மாடல்களைச் சேர்த்து நடத்தும் ஏஜென்சி, சதவீதத்தில்தான் பேசும்: தளம் தரும் தொகையில் உங்களுக்கு எவ்வளவு, அவர்களுக்கு எவ்வளவு, பட்டுவாடா எந்தக் கிழமை. சதவீதத்தைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

லோகோவையும் நீல டிக்கையும் பார்த்து நம்புவது

நீல டிக் இன்று மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. டெலிகிராமில் யார் வேண்டுமானாலும் ‘சப்போர்ட்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு தளத்தின் லோகோவைப் படமாக வைக்கலாம். இன்ஸ்டாகிராமில் ப்ரொஃபைலின் மூன்று புள்ளியைத் தொட்டு, ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதியைத் திறங்கள். கணக்கு எந்த மாதம் தொடங்கியது என்று தெரியும். சில கணக்குகளுக்கு எந்த நாடு, எத்தனை முறை பெயர் மாறியது என்பதும் தெரியும். பத்து வருட ஏஜென்சி என்கிறவரின் கணக்குக்கு இரண்டு மாத வயது என்றால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. ‘எங்கள் மாடல்கள்’ என்று அனுப்பும் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். திருடிய படமென்றால் பெரும்பாலும் வேறு பெயரில் வேறு இடத்தில் கிடைக்கும்.

அவர்கள் அனுப்பிய லிங்கைத் தொடாதீர்கள். தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போய், அங்குள்ள உதவிப் பக்கம் வழியாக “இவர் உங்கள் ஆளா?” என்று கேளுங்கள். வந்த லிங்கில் லாகின் பக்கம் திறந்தால், ஓர் எழுத்து மட்டும் மாறிய போலி முகவரியாக இருக்கலாம். அங்கே பாஸ்வேர்டு கொடுத்தால், ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கும் தொகையோடு கணக்கே போய்விடும்.

‘ஆடிஷன்’ என்றால் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போடுவது

பலர் சிக்குவதும், சிக்கியபின் மீள்வது கடினமாவதும் இங்கேதான். பெண் பெயரில் ஒரு ‘மேனேஜர்’ இரண்டு மூன்று நாள் அன்பாகப் பேசுவார். பிறகு, “கேமரா தரம், வெளிச்சம், உடல்வாகு பார்க்கணும், பத்தே நிமிஷம்” என்று கால் வரும். எதிர்த் திரையில் தெரியும் பெண் முன்பே பதிவான வீடியோவாக இருக்கலாம். அடையாளம் காண வழி உண்டு: கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லும் ஓர் எண்ணைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ‘நெட் சரியில்லை’ என்று மழுப்பினால் துண்டியுங்கள். ஆனால் எதிரில் நிஜமான பெண்ணே இருந்தாலும் ஆடை களைவது ஆடிஷன் ஆகாது. ஏனென்றால் உங்கள் பக்கத்துத் திரை அங்கே பதிவாகிக்கொண்டிருக்கலாம், அது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்தப் பதிவு விற்கப்படும், அல்லது மிரட்டப் பயன்படும்.

உண்மையான தளங்கள் ஆளை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. 18 வயது முடிந்தவரா, ஆவணத்தில் உள்ளவர்தானா என்று மட்டும் பார்க்கும். அதுவும் தளத்தின் உள்ளேயே நடக்கும். அதற்கு ஆடை களைய எந்தத் தேவையும் இல்லை. இதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் ஆடிஷன் என்ற சொல்லே எச்சரிக்கையாகக் கேட்கும்.

ஆதாரைச் சாட்டில் அனுப்புவது

ஆதாரைக் கையில் பிடித்து எடுத்த செல்ஃபி, பான் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். இந்த மூன்றும் ஒருவர் கைக்குப் போனால் உங்கள் பெயரில் சிம் வாங்கவும் கடன் ஆப்களில் கடன் எடுக்கவும் முயலலாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் எண்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பார்த்தால் தெரியாத கடன் இருக்கிறதா என்று தெரியும்.

“கணக்கை நாங்களே தொடங்கித் தருகிறோம், ஐடி மட்டும் அனுப்புங்க” என்பதையும் மறுத்துவிடுங்கள். மின்னஞ்சலும் பணம் வரும் வங்கியும் அவர்களுடையதாக இருந்தால், உங்கள் முகத்தை வைத்து ஓடும் கணக்கில் உங்களுக்கு எந்தப் பிடியும் இருக்காது. விலக நினைத்தாலும் மூட முடியாது.

‘திரும்பக் கிடைக்கும்’ என்ற கட்டணத்தைக் கட்டுவது

பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், டாலரை ரூபாயாக்க வரி என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும். மாடலாகச் சேர இந்தத் தளங்கள் பணம் கேட்பதில்லை. தங்கள் பங்கை வருமானத்திலிருந்து பிடித்துக்கொள்கின்றன. “அட்வான்ஸ் போடுறோம், கியூஆர் ஸ்கேன் பண்ணுங்க” என்றால், நம்பாதீர்கள்: யூபிஐயில் பின் எண் கேட்பது பணம் அனுப்பவோ இருப்பைப் பார்க்கவோதான். பணம் வர பின் எண்ணும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். “மற்ற மாடல்களின் சம்பளம் உங்க அக்கவுண்டுக்கு வரும், 10 சதவீதம் எடுத்துக்கிட்டு மீதியை அனுப்புங்க” என்பது அதைவிட ஆபத்து. வருவது வேறு யாரிடமோ மோசடி செய்த பணமாக இருக்கும், முடக்கப்படுவது உங்கள் வங்கிக் கணக்கு, விசாரணைக்கு அழைக்கப்படுவதும் நீங்கள்தான்.

ஒப்பந்தம் என்று வந்த ஃபைலைத் திறப்பது

‘கான்ட்ராக்ட்’ என்று பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல் வந்தால் கணினியில் திறக்காதீர்கள். பாஸ்வேர்டு போடுவதே ஆன்ட்டிவைரஸ் உள்ளே பார்க்காமல் இருக்கத்தான். உள்ளே இருப்பது பிடிஎஃப் போலத் தெரிந்தாலும் பெயரின் முடிவு .இஎக்ஸ்இ (.exe) அல்லது .எஸ்சிஆர் (.scr) என்று இருக்கலாம், அதாவது அது ஆவணம் அல்ல, இயங்கும் நிரல்; விண்டோஸ் வழக்கமாக அந்த முடிவை மறைத்துவிடும், அமைப்பில் போய் மாற்றினால்தான் தெரியும். திறந்ததும் பிரவுசரில் நீங்கள் லாகின் ஆகியிருக்கும் அடையாளத்தையே அது திருடிவிடும். அதனால் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தாலும் உங்கள் கணக்குகளுக்குள் நுழைய முடிகிறது. போனில் இதே வேலையை ஏபிகே (ஆப் நிறுவும்) ஃபைல் செய்யும்: எஸ்எம்எஸ் அனுமதி வாங்கி ஓடிபியைப் படிக்கும்.

டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்றால் கிளம்புவது

பாங்காக்கிலோ கம்போடியாவிலோ ‘மாடல் ஸ்டுடியோ’, விமான டிக்கெட் இலவசம், சுற்றுலா விசா போதும் என்றால் போகவே போகாதீர்கள். கம்போடியா, மியான்மர் மோசடி முகாம்களில் தமிழக இளைஞர்கள் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். அந்த முகாம்களில் ‘மாடல்’ என்பது, ஏமாற்றப்படுகிறவர்களிடம் வீடியோ காலில் முகம் காட்டிப் பேசும் ஆள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

மாட்டியபின் செய்யும் தவறுகள்

முதல் தவறு, பணம் கொடுப்பது. 5,000 கொடுத்தால் அடுத்த நாள் 20,000 கேட்பார்கள். கொடுக்கக்கூடியவர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டாவது, பயத்தில் சாட்டை அழித்துவிட்டு ப்ளாக் செய்வது. முதலில் ஸ்க்ரீன்ஷாட், ப்ரொஃபைல் லிங்க், போன் எண், யூபிஐ ஐடி எல்லாவற்றையும் சேமியுங்கள், பிறகு ப்ளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள்; யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க யூடிஆர் எண் கையில் இருக்கட்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும்.

படம் பரவும் என்ற பயமிருந்தால் ஸ்டாப் என்சிஐஐ (StopNCII.org) தளத்துக்குப் போங்கள். உங்கள் படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து உருவாகும் ஓர் இலக்கக் கைரேகை (படத்தை அடையாளம் காணும் குறியீடு) மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது அங்கே ஏற்ற முயன்றால் தடுக்க அது உதவும். 18 வயதுக்கு உட்பட்ட காலத்தில் எடுத்த படமென்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை இதே வேலையைச் செய்கிறது.

பலர் போலீஸுக்குப் போகாததற்குக் காரணம், ‘என்மேலேயே வழக்கு வரும்’ என்ற பயம். அது முழுக்க ஆதாரமற்ற பயம் அல்ல. வெளிப்படையான பாலியல் காட்சியை இணையத்தில் வெளியிடுவது தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 67ஏ பிரிவில் குற்றம். முதல் முறைக்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டுகிறவர் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். போலி போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்பவர்களும் உண்டு. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. ஆனால் சட்டம் உங்கள் பக்கமும் இருக்கிறது: மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 308-ஆம் பிரிவில் குற்றம். அதே சட்டத்தின் 77-ஆம் பிரிவு, ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியவரைக் குற்றவாளி என்கிறது. ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி எடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்கும் ஐடி சட்டம் 66இ, ஆண்களுக்கும் பொருந்தும்.

நீங்கள் ஏற்கெனவே தளங்களில் வேலை செய்தவர் என்றால் எழுத்தில் எதையும் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம், எண் 15100. தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். நேரில் போனால், எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் போடச் சொல்லிக் கேட்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.