கெர்னல் மாறியதும் விர்ச்சுவல்பாக்ஸ் படுத்துவிட்டதா? லாக் கோப்பைத் திறங்கள்

உபுண்டுவில் வழக்கம்போல அப்டேட் போடுகிறீர்கள், அதில் கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) மாறுகிறது, ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். நேற்று வரை விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஒழுங்காக ஓடிய மெய்நிகர் கணினியைத் தொடங்கினால், "கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்ட்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. பக்கத்தில் ஆர்சி=-1908 என்று ஓர் எண். உடனே பலர் செய்யும் வேலை, விர்ச்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. அதே பிழை திரும்ப வரும். சிலர் அடுத்து உபுண்டுவையே மறுபடி நிறுவப் போய்விடுகிறார்கள். அதெல்லாம் வேண்டாம். இந்தப் பெட்டி சொல்வது விளைவை மட்டும்தான். காரணம் ஒரு லாக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பதற்றம் குறைய முதலில் இரண்டு விஷயம். உங்கள் மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை ஹோம் ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன. அப்புறம், அவசர வேலை இருந்தால் பழைய கெர்னலிலேயே கணினியைத் தொடங்கலாம். உபுண்டு பழைய கெர்னலை உடனே அழித்துவிடாது. கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் (பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால்) குரப் பட்டியல் (எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் திரை) வரும். அதில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்ற வரிக்குள் போய், முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மெய்நிகர் கணினி ஓடும். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் பழுது பார்க்கலாம்.

கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். இடைவெளியும் கோடும் புள்ளியும் இங்கே இருப்பதுபோலவே இருக்கட்டும்.

ஏன் இப்படி ஆகிறது?

விர்ச்சுவல்பாக்ஸ் சாதாரணச் செயலி மட்டுமல்ல. ப்ராசஸரின் மெய்நிகராக்க வசதியைப் பயன்படுத்த, அது கெர்னலுக்குள் ஒரு மாட்யூலை (கெர்னலோடு சேர்ந்து ஓடும் நிரல் துண்டு) செருகுகிறது. அதன் பெயர் விபாக்ஸ்டிஆர்வி. நெட்வொர்க்குக்காக இன்னும் இரண்டு உண்டு. லினக்ஸ் மாட்யூல் என்பது ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கெர்னல் மாறினால் மறுபடி தைக்க வேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

பயனர் செயலிகளை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸ் மிகக் கண்டிப்பு. ஆனால் கெர்னலின் உள்பக்கத்துக்கு அந்த உறுதிமொழி கிடையாது. உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களின் பெயரும் அளவுருக்களும் எந்தப் பதிப்பிலும் மாறலாம். கெர்னலோடு சேர்ந்தே இருக்கும் டிரைவர்களை, மாற்றம் செய்பவரே திருத்திவிடுவார். வெளியே இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் போன்றவை பின்னால் ஓடி வந்து பிடிக்க வேண்டியதுதான்.

இந்த மறுகம்பைல் வேலையைத் தானாகச் செய்ய டெல் நிறுவனம் உருவாக்கியதுதான் டிகேஎம்எஸ். புதிய கெர்னல் நிறுவப்பட்டதும் அது பின்னணியில் ஓடி மாட்யூலைக் கட்டிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாது.

படி 1: நிலைமையைப் பாருங்கள்

புதிய கெர்னலில் தொடங்கி, இந்த இரண்டையும் ஓட்டுங்கள்:

யூநேம் -ஆர்

டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்

முதலாவது, இப்போது ஓடும் கெர்னலின் முழுப் பெயரைச் சொல்லும். 6.8.0-31-ஜெனரிக் என்பதுபோல இருக்கும். இரண்டாவதில் விர்ச்சுவல்பாக்ஸ் பெயரும், எந்தக் கெர்னலுக்குக் கட்டப்பட்டது என்பதும் வரும். வரியின் முடிவில் "இன்ஸ்டால்ட்" என்று இருந்து, கெர்னல் எண்ணும் பொருந்தினால், கட்டுமானத்தில் சிக்கல் இல்லை. நேராகப் படி 4-க்குப் போங்கள். "ஆடட்" என்று மட்டும் இருந்தாலோ, பழைய எண்ணுக்கு மட்டும் வரி இருந்தாலோ, கட்டுமானம் தோற்றிருக்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸ் வரியே இல்லையா? நீங்கள் ஆரக்கிள் தளத்திலிருந்து நேரடியாக நிறுவியவராக இருக்கலாம். அந்தப் பொதி (பேக்கேஜ்) தன் சொந்தக் கருவியால் மாட்யூலைக் கட்டும்:

சூடோ /எஸ்பின்/விபாக்ஸ்கான்ஃபிக்

உபுண்டுவின் பொதியையும் ஆரக்கிள் பொதியையும் கலந்து வைக்காதீர்கள். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். புதியவர்களுக்கு நான் உபுண்டுவின் பொதியையே சொல்வேன். பதிப்பு கொஞ்சம் பழசாக இருந்தாலும் கெர்னலோடு சேர்த்துப் பராமரிக்கிறார்கள்.

படி 2: ஹெட்டர் இருக்கிறதா?

கட்டுமானம் தோற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். மாட்யூலைக் கம்பைல் செய்ய அந்தக் கெர்னலின் ஹெட்டர் கோப்புகள் (உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களின் விவரம் அடங்கியவை) வேண்டும், எண் அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும். 6.8.0-40-க்கான ஹெட்டரை வைத்துக்கொண்டு 6.8.0-41-க்குக் கட்ட முடியாது.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் டிகேஎம்எஸ் லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனரிக்

இதில் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். எண் போட்ட ஹெட்டரை நிறுவினால் இன்றைய சிக்கல் தீரும், அடுத்த அப்டேட்டில் மறுபடி வரும். எண் இல்லாத "ஜெனரிக்" பொதி ஒவ்வொரு கெர்னலோடும் தானாக நகரும். 24.04 டெஸ்க்டாப்பில் எச்டபிள்யூஇ கெர்னல் (புது வன்பொருளுக்காக உபுண்டு தரும் புதிய கெர்னல் வரிசை) ஓடுகிறது என்றால், பெயரின் பின்னால் -எச்டபிள்யூஇ-24.04 என்பதையும் சேர்க்க வேண்டும். இதைச் சேர்க்காமல் விட்டால் ஹெட்டர் நிறுவப்படும், ஆனால் வேறு கெர்னலுக்கு. எல்லாம் செய்தும் சரியாகவில்லை என்பவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிறகு மறுபடி கட்டச் சொல்லுங்கள்:

சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்

அப்டேட் பாதியில் நின்று, ஆப்ட் எதையும் நிறுவ மறுத்தால், சூடோ டிபேக்கேஜ் என்று தட்டிவிடாதீர்கள். கட்டளையின் பெயர் டிபிகேஜி:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

படி 3: லாக் கோப்பு

ஹெட்டர் இருந்தும் தோற்றால், இனி ஊகிக்காமல் படிக்க வேண்டும். டிகேஎம்எஸ் தோற்கும்போது எந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று அதுவே சொல்லும். /வார்/லிப்/டிகேஎம்எஸ்/விர்ச்சுவல்பாக்ஸ்/ என்ற ஃபோல்டருக்குள், பதிப்பு எண்ணுக்குள், பில்ட் என்பதற்குள் மேக்.லாக் என்று இருக்கும். ஆரக்கிள் பொதி என்றால் /வார்/லாக்/விபாக்ஸ்-செட்டப்.லாக்.

கோப்பைத் திறந்ததும் கண் தானாகக் கடைசி வரிக்குப் போகும். கடைசி வரியில் "எரர் 2" என்று இருக்கும். அதை வைத்துக் கூகுளில் தேடாதீர்கள். உலகத்தில் தோற்ற எல்லா மேக் கட்டளையும் அப்படித்தான் முடிகிறது. மேலிருந்து கீழே வாருங்கள், "எரர்" என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்த ஒரு வரிதான் உங்களுக்கு வேண்டியது. "வார்னிங்" வரிகளை விட்டுவிடலாம். பொதுவாக இரண்டு வகையில் ஒன்றுதான் இருக்கும்.

முதல் வகை, கம்பைலர் பொருந்தாமை. உபுண்டு 22.04-இல் நடந்ததைப் பார்ப்போம். அந்த வெளியீடு 5.15 கெர்னலோடும் ஜிசிசி 11 கம்பைலரோடும் வந்தது. பிறகு 2024 தொடக்கத்தில் எச்டபிள்யூஇ வழியாக 6.5 கெர்னல் வந்தது. அதை ஜிசிசி 12-ஆல் கட்டியிருந்தார்கள். பயனர் கணினியிலோ ஜிசிசி 11 மட்டும். லாக்கில் "ஜிசிசி-12: நாட் ஃபவுண்ட்" என்றோ, அல்லது -எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=ஸீரோ என்ற விருப்பம் தெரியாது என்றோ வரும். இந்த இரண்டாவது வரி பார்க்க மிரட்டலாக இருக்கும். விஷயம் எளிது: அந்த விருப்பம் ஜிசிசி 12-இல்தான் அறிமுகமானது, 11-க்கு அது என்னவென்றே தெரியாது. தீர்வு ஒரே வரி:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிசிசி-12

அப்புறம் ஆட்டோஇன்ஸ்டாலை மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் போதும். வேறு வெளியீடு, வேறு எண் என்றாலும் வழி இதேதான்: கெர்னலைக் கட்டிய கம்பைலர் எது என்று லாக்கின் தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை வரி இருக்கும், அதை நிறுவுங்கள். எச்சரிக்கைகளை விட்டுவிடலாம் என்றேனே, இந்த ஒன்று மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது வகை, கெர்னலின் உள்பக்கம் மாறியது. "டூ மெனி ஆர்க்யுமென்ட்ஸ் டு ஃபங்ஷன்" அல்லது "ஹேஸ் நோ மெம்பர் நேம்ட்" என்ற வரிகள் வரும். 5.8-இல் எம்மேப்_செம் என்ற உறுப்பு எம்மேப்_லாக் என்று பெயர் மாறியது. 6.5-இல் கெட்_யூசர்_பேஜஸ் ஃபங்ஷனின் கடைசி அளவுரு நீக்கப்பட்டது. பழைய விர்ச்சுவல்பாக்ஸ் நிரல் பழைய பெயரையே கூப்பிடும், கம்பைலர் மறுத்துவிடும்.

இங்கே உங்கள் கணினியில் தவறு எதுவும் இல்லை. எந்தப் பொதியை நிறுவினாலும் தீராது, விர்ச்சுவல்பாக்ஸின் புதிய பதிப்பு மட்டும்தான் தீர்வு. உபுண்டு பொதி என்றால் முழு அப்டேட் போட்டுப் பாருங்கள். ஆரக்கிள் பொதி என்றால் புதிய வெளியீட்டின் மாற்றப் பட்டியலில் உங்கள் கெர்னல் எண் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா? பழைய கெர்னலிலேயே சில நாள் இருங்கள். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு ஒட்டு நிரலைப் போட்டுக் கெர்னலுக்குள் செருகுவதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: கட்டியாயிற்று, ஆனால் ஏறவில்லை

சூடோ மாட்ப்ரோப் விபாக்ஸ்டிஆர்வி

ஒன்றும் சொல்லாமல் முடிந்தால் மாட்யூல் ஏறிவிட்டது. "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வந்தால் செக்யூர் பூட்தான் காரணம். அது இயங்கும்போது, கணினி நம்பும் சாவியால் கையொப்பமிடாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. உறுதிசெய்ய (மாக் என்பதை எம், ஓ, கே என்று தட்டுங்கள்):

மாக்யுடில் --எஸ்பி-ஸ்டேட்

"எனேபிள்ட்" என்றால், டிகேஎம்எஸ் கையொப்பமிடப் பயன்படுத்தும் சாவியைக் கணினிக்கு அறிமுகப்படுத்த வேண்டும்:

சூடோ மாக்யுடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மாக்/மாக்.டெர்

இதில் கோப்பின் பெயரான மாக் மட்டும் பெரிய எழுத்தில். ஃபோல்டர் பெயரும் டெர் என்பதும் சிறிய எழுத்து. ஒரு கடவுச்சொல் கேட்கும். அது உங்கள் லாகின் கடவுச்சொல் அல்ல, ஒரே ஒரு முறை பயன்படும் புதிய சொல். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை வரும், ஏதாவது விசையைத் தட்டச் சொல்லிப் பத்து நொடிதான் காத்திருக்கும். அந்த நேரத்தில் தேநீர் எடுக்கப் போய்விட்டால் கணினி சாதாரணமாகத் தொடங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். விசையைத் தட்டி, "என்ரோல் மாக்", "கன்டினியூ", "யெஸ்", கடவுச்சொல், "ரீபூட்" என்று வரிசையாகப் போங்கள். இதை ஒரு முறை செய்தால் போதும். அடுத்த கெர்னல்களுக்கும் அதே சாவிதான்.

செக்யூர் பூட்டை பயாஸில் அணைத்துவிடுவது குறுக்கு வழி. வேலை செய்யும். ஆனால் விண்டோஸும் அதே கணினியில் இருந்து, வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடினால், அது மீட்புச் சாவி கேட்டு நிற்கக்கூடும்.

படி 5: ஏறியது, ஆனால் மெய்நிகர் கணினி தொடங்கவில்லை

லினக்ஸ் 6.12 முதல் புதிதாகச் சேர்ந்த தலைவலி இது. கட்டுமானத்தில் பிழையே இல்லை, மாட்யூலும் ஏறியிருக்கிறது. ஆனாலும் வெர்ர்_விஎம்எக்ஸ்_இன்_விஎம்எக்ஸ்_ரூட்_மோட் என்று நின்றுவிடும். லினக்ஸின் சொந்த மெய்நிகராக்க மாட்யூலான கேவிஎம், முன்பெல்லாம் யாராவது அதில் ஒரு கணினியைத் தொடங்கும்போதுதான் ப்ராசஸரின் வசதியைப் பிடித்துக்கொள்ளும். 6.12 முதல், மாட்யூல் ஏறும்போதே பிடித்துக்கொள்கிறது. விர்ச்சுவல்பாக்ஸுக்கு இடமில்லை. 24.04-இல் எச்டபிள்யூஇ 6.11-இலிருந்து 6.14-க்குத் தாவியபோது பலருக்கு இது தெரிய வந்தது.

தற்காலிகமாக:

சூடோ மாட்ப்ரோப் -ஆர் கேவிஎம்_இன்டெல்

ஏஎம்டி ப்ராசஸர் என்றால் கடைசிச் சொல் கேவிஎம்_ஏஎம்டி. நிரந்தரமாக வேண்டும் என்றால் /ஈடிசி/டிஃபால்ட்/குரப் கோப்பில், "கொயட் ஸ்பிளாஷ்" என்று இருக்கும் வரியில், மேற்கோள் குறிக்குள்ளேயே இதைச் சேருங்கள்:

கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0

பிறகு சூடோ அப்டேட்-குரப், ரீஸ்டார்ட். கேவிஎம்மும் தொடர்ந்து வேலை செய்யும், இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது, அவ்வளவுதான்.

விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்கு

கதை இதேதான், பெயர்கள் வேறு. மாட்யூல்கள் விஎம்மான், விஎம்நெட். கட்டும் கட்டளை:

சூடோ விஎம்வேர்-மாட்கான்ஃபிக் --கன்சோல் --இன்ஸ்டால்-ஆல்

திரையில் ஓடும் வரிகளிலேயே முதல் "எரர்" தென்படும். படி 2, 3 அப்படியே பொருந்தும். செக்யூர் பூட் இருந்தால் மட்டும், கையொப்பத்தை நீங்களே இட வேண்டியிருக்கும்.

மெய்நிகர் கணினிக்குள் ஓடும் லினக்ஸிலும் கெர்னல் மாறினால் கெஸ்ட் அடிஷன்ஸ் (உள்ளே நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள்) இதேபோல உடையும். திரை அளவு மாறாது, பகிர்ந்த ஃபோல்டர் காணாமல் போகும். அங்கே ஓட்ட வேண்டியது சூடோ /எஸ்பின்/ஆர்சிவிபாக்ஸ்ஆட் செட்டப். லாக், அந்தக் கணினிக்குள் /வார்/லாக்/விபாக்ஸ்ஆட்-செட்டப்.லாக்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

மெய்நிகர் கணினியை நம்பித்தான் தினசரி வேலை என்றால், எச்டபிள்யூஇ கெர்னல் உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள். 24.04-இன் அடிப்படைக் கெர்னல் 6.8, ஆதரவுக் காலம் முழுக்க அதே வரிசைதான், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். புத்தம் புது வன்பொருள் இல்லாதவர்களுக்கு அது தாராளமாகப் போதும். லினக்ஸ்-ஜெனரிக் பொதியை நிறுவி, எச்டபிள்யூஇ பொதியை நீக்கினால் அந்த வரிசைக்கு வந்துவிடலாம். பழைய எச்டபிள்யூஇ கெர்னல்கள் வட்டில் இருக்கும்வரை குரப் அவற்றையே முதலில் எடுக்கும், அவற்றையும் நீக்கியாக வேண்டும். அதற்கு முன் 6.8-இல் ஒரு முறை தொடங்கி, வைஃபையும் திரையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

எந்தக் கெர்னலாக இருந்தாலும், அப்டேட் முடிந்ததும் ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்தும் முன் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் ஒரு தடவை ஓட்டுங்கள். புதிய கெர்னல் எண்ணுக்கு எதிரே "இன்ஸ்டால்ட்" இல்லையென்றால், ரீஸ்டார்ட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு மேக்.லாக்கைத் திறங்கள்.