ஆசனவாய்ப் புற்றுநோய்: அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன்

நான் ஸ்டோமா செவிலியர். குடலைத் திருப்பி வயிற்றில் பை வைக்க வேண்டியவர்களுக்கு அந்த இடத்தைக் குறித்துக் கொடுப்பதும், பிறகு பையைப் பராமரிக்கக் கற்றுத்தருவதும் என் வேலை. ஆசனவாயில் புற்றுநோய் என்று தெரிந்து வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "ஆயுசுக்கும் பைதானா?" பெரும்பாலானவர்களுக்கு இல்லை. அதனால்தான், கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

முதலில் பயாப்சி (சிறு துண்டு திசு எடுத்துச் செய்யும் சோதனை) அறிக்கையில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதிகம் காணப்படுவது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது மேல்பரப்பின் தட்டை அணுக்களில் தொடங்கும் புற்று. நான் இங்கே சொல்வதெல்லாம் அதற்குத்தான். அடினோகார்சினோமா (சுரப்பி அணுக்களில் தொடங்குவது) என்றிருந்தால் ஏறக்குறைய மலக்குடல் புற்றுநோய்க்குச் செய்யும் வைத்தியம்தான். அதில் அறுவைக்குப் பெரிய இடம் உண்டு. மெலனோமா (நிறமி அணுக்களில் தொடங்குவது) என்றால் வழி வேறு.

ஒரு காலத்தில் ஸ்குவாமஸ் வகைக்கும் ஆசனவாயையும் மலக்குடலையும் மொத்தமாக எடுத்துவிடுவதுதான் வழக்கம். 1974-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நார்மன் நிக்ரோ என்ற அறுவை மருத்துவர், அறுவைக்கு முன்னால் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்த மூன்று பேரைப் பற்றி எழுதினார். இருவருக்கு அறுத்தெடுத்த திசுவில் புற்றே மிச்சமில்லை. மூன்றாமவர் அறுவையே வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கும் நோய் திரும்பவில்லை. இன்று கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்ததுதான் முதல் சிகிச்சை. ஐந்தாறு வாரம் நடக்கும். எனவே யாராவது எடுத்த எடுப்பில் "எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்" என்றால், "கீமோ-கதிர்வீச்சு எனக்கு ஏன் ஒத்துவராது?" என்று கேளுங்கள். முன்பே இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கியவர்களைப் போலச் சிலருக்கு நியாயமான காரணம் இருக்கும். காரணம் தெளிவாக வராவிட்டால் கதிர்வீச்சு மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள்.

முதலிலேயே கத்தி வைப்பது சரியாக இருக்கும் இடமும் ஒன்று உண்டு. கட்டி ஆசனவாயின் வெளிவிளிம்புத் தோலில், 2 செ.மீ.க்குள், மலத்தை அடக்கும் சுருக்குத்தசையைத் தொடாமல், நெறிகட்டிக்குப் பரவாமல் இருந்தால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு அதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம். பை தேவையில்லை. மூலத்துக்கு அறுவை செய்து எடுத்த திசுவில் எதிர்பாராமல் சிறு புற்று தெரியவருவதும் உண்டு. எப்படியானாலும் வெட்டிய விளிம்பு சுத்தமாக இருக்கிறதா என்று அறிக்கையைப் பார்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் மறுபடி வெட்ட வேண்டும், அல்லது கீமோ-கதிர்வீச்சுக்குப் போக வேண்டும்.

கட்டி வழியை அடைத்திருந்தாலோ, பெண்களுக்குப் பிறப்புறுப்போடு ஓட்டை விழுந்திருந்தாலோ, கதிர்வீச்சுக்கு முன் தற்காலிகப் பை வைப்பார்கள். "தற்காலிகம்" என்று சொன்னாலும் பலருக்கு அதைத் திரும்ப மூட முடியாமலே போகிறது. இதை முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு காத்திருப்பதுதான் எல்லோரையும் வாட்டுகிறது. தடவினால் இன்னும் கட்டி தட்டுப்படும். வீட்டில் எல்லோரும் "எடுத்துவிடலாமே" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். பிரிட்டனில் நடந்த ஆக்ட் 2 ஆய்வில், சிகிச்சை தொடங்கி 11 வாரத்தில் கட்டி முழுதாகக் கரையாதவர்களில் பத்தில் ஏழு பேருக்கு 26 வாரத்துக்குள் கரைந்துவிட்டது. கரைந்துகொண்டிருக்கும் வரை ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போனால் போதும். ஆனால் கட்டி வளர்கிறது என்றால் 26 வாரம் வரை காத்திருக்கவே கூடாது. உடனே பயாப்சி.

அதில் புற்று என்று உறுதியானாலோ, போன நோய் அதே இடத்தில் திரும்பினாலோ, வேறெங்கும் பரவவில்லை என்று எம்ஆர்ஐயும் பெட் ஸ்கேனும் காட்டினால் பெரிய அறுவை. டாக்டர்கள் இதை ஏபிஆர் என்பார்கள். ஆசனவாய், மலக்குடல், சுருக்குத்தசை எல்லாம் போகும், பை நிரந்தரம். இந்தக் கட்டத்தில் பைக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். குணமாக இருக்கும் நல்ல வாய்ப்பு இதுதான். பையோடு வேலைக்குப் போகிறவர்களை, நீச்சலடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

இங்கே கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. கதிர்வீச்சு பட்ட தோல் சீக்கிரம் ஆறாது; ஆசனவாய் இருந்த இடத்துப் புண் மாதக்கணக்கில் இழுக்கலாம். அதனால் வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ தசை எடுத்து வைத்து மூடுவீர்களா, அதை யார் செய்வார் என்று கேளுங்கள். பெண்கள், பிறப்புறுப்பின் பின்சுவரையும் எடுக்க வேண்டிவருமா என்று கேட்க வேண்டும். ஆண்களுக்கு விறைப்புக்கான நரம்புகள் பாதிக்கப்படலாம். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்காவிட்டால் பலர் சொல்வதே இல்லை. குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் விந்து அல்லது கருமுட்டை சேமிப்பைப் பற்றிக் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே பேச வேண்டும்.

அப்புறம், பைக்கான இடம். அறுவைக்கு முன்பே குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் உடையில் வாருங்கள். நிற்க, உட்கார, குனியச் சொல்லிப் பார்ப்போம். மடிப்பிலோ, பழைய தழும்பிலோ, இடுப்பு வார் அழுத்தும் இடத்திலோ வரக்கூடாது. தலைகுனிந்தால் உங்கள் கண்ணுக்கே தெரிய வேண்டும். பெரும்பாலும் வயிற்றின் இடப்பக்கம்தான். குறித்த இடத்தில் வெறும் பையை ஒட்டிக்கொண்டு ஒரு நாள் நடமாடிப் பாருங்கள். உறுத்தினால் வந்து சொல்லுங்கள், மாற்றிக் குறிக்கலாம்.