குஞ்சு காக்கும் விராலுக்குத் தூண்டில் வீசாதீர்கள்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனி, ஞாயிறு பின்னேரங்களில் வன்னியின் எந்தக் குளக்கட்டில் போய் நின்றாலும் றீல் பூட்டிய தூண்டிலோடு நாலைந்து பெடியளைக் காணலாம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் என்று எங்கும் இதுதான் நிலை. தூண்டில் பெரும்பாலும் கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ லீவுக்கு வந்த மாமா விட்டுவிட்டுப் போனதாக இருக்கும். பிடிக்கும் முறை போனில் பார்த்த பாஸ் மீன்பிடி வீடியோக்களிலிருந்து வந்திருக்கும். இந்த ஆர்வம் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. பிள்ளைகள் குளத்தைப் பார்க்க வருகிறார்கள், தண்ணீரைக் கவனிக்கப் பழகுகிறார்கள். ஆனால் எங்களில் பலர் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முடிச்சு அவிழ்வது, நூல் சிக்குவது, மரக்கிளையில் கொக்கி மாட்டுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விராலைப் பாஸ் என்று நினைப்பது

பெருவாய் பாஸ் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமான மீன். எங்கள் குளங்களில் அது இல்லை. இங்கே கொக்கி பூட்டிய போலி இரையான றப்பர் தவளையைப் பாய்ந்து பிடிப்பது விரால். இரண்டும் நீர்த்தாவரங்களுக்குள் பதுங்கியிருந்து இரையைத் தாக்கும் மீன்கள் என்பதால் பாஸுக்குச் செய்த தவளை விராலுக்கும் எடுபடுகிறது. அந்த ஒற்றுமையை நம்பி மற்றதும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுள் இருந்தாலும் அது மட்டும் போதாது. இடைக்கிடை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டுத் திரும்ப இறங்கும். புதியவர்கள் அந்த அலையைக் கண்டதும் அதன் மேலேயே தவளையை வீசுவார்கள். தலைக்கு மேல் ஒன்று பொத்தென்று விழுந்தால் எந்த மீன் நிற்கும்? அந்த இடத்தைத் தாண்டி வீசி, தாமரை இலைக்கு மேலால் மெல்ல இழுத்து வர வேண்டும்.

தண்ணீர் வெடித்த உடனேயே தூண்டிலைச் சுண்டுவதும் பிழை. மீன் தவளையை வாய்க்குள் முழுதாக எடுத்துக் கீழே கொண்டுபோகும்வரை ஒரு மூச்சு பொறுங்கள். நூல் இறுகியதும் பலமாக இழுங்கள். விராலின் வாய் எலும்பும் பல்லுமாக இருக்கும், மெதுவாகச் சுண்டினால் கொக்கி ஏறாது.

நூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாமரையும் ஒல்லியும் மண்டிய இடத்தில் மெல்லிய தங்கூசியைப் போடாதீர்கள். அறுந்தால் உங்களுக்குப் போவது ஒரு றப்பர் தவளைதான். ஆனால் அந்த மீன் இரட்டைக் கொக்கியை வாயில் சுமந்துகொண்டு திரியும். நாற்பது, ஐம்பது இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் போடுங்கள்.

பிடித்த மீனைப் பைக்குள் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்துவது

பாஸ் வீடியோக்களில் பிடித்த மீனைப் படகிலிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு உயிரோடு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே வலைப்பைக்குள் விராலைப் போட்டு, வாயைக் கட்டி, முழுதாக அமிழ்த்தி வைக்கிறார்கள். மேலே வந்து காற்றெடுக்க வழியில்லாமல் அது தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், அகலமான வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டு, மேலே காற்று நிற்க இடம் வைத்து, துள்ளிப் பாயாமல் சாக்கால் மூடுங்கள். இவ்வளவுதான்.

குஞ்சு காக்கும் தாய் தகப்பனைப் பிடிப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கோபம் ஆறாத தவறு இது.

மழை தொடங்கிக் குளம் ஏறி, அலைகரையில் புல் மூழ்கும் காலத்தில் விரால் கரையோரமாக ஒதுங்கும். ஆழமில்லாத இடத்தில் புல்லையும் பாசியையும் ஒதுக்கி ஒரு வட்டம் போட்டு முட்டையிடும். முட்டைகள் தண்ணீருக்கு மேல் மிதக்கும். ஓரிரு நாளில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சுகள் தனித்தனியாகப் பிரிந்து போவதில்லை. ஆயிரக்கணக்கில் ஒரே கூட்டமாக, செம்மஞ்சள் நிறத்தில் திரண்டு திரியும். கீழே தாயோ தகப்பனோ, பல வேளை இரண்டுமோ காவல் நிற்கும். குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் மழைத்தூறல் விழுவது போலத் தண்ணீர் பொட்டுப் பொட்டாகத் துடிக்கும். கண் பழகிவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

கண் பழகுவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. அந்தத் துடிப்பைக் கண்டால் கீழே பெரிய விரால் நிச்சயம் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு தவளையைக் குஞ்சுக்குள் போட்டு இழுத்தால், காவல் நிற்கும் மீன் அடித்தே தீரும். அது பசியில் அடிப்பதில்லை. குஞ்சைத் தின்ன வந்ததைத் துரத்துவதற்காக அடிக்கிறது. ஒரு முறை தப்பினாலும் திரும்ப வந்து அடிக்கும், ஏனென்றால் அதற்கு அந்த இடத்தை விட்டுப் போக முடியாது. இதைத்தான் பெடியள் "சுகமாக் கடிக்குது" என்று சொல்கிறார்கள்.

ஒரு கார்த்திகை மாதம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு குளத்தின் அலைகரையில், ஒரு தம்பி இப்படிக் குஞ்சுக் கூட்டத்துக்கு மேல் வீசிக்கொண்டு நின்றார். ஒன்றைப் பிடித்துக் கரையில் போட்டுவிட்டார்.

"தம்பி, அது குஞ்சு வச்சிருக்கிற மீன். மற்றதையாவது விடுங்கோ."

"இல்லை அண்ணை, இப்பிடித்தான் பிடிக்கிறது. வீடியோவில வெள்ளைக்காரன் இதைத்தான் செய்யிறான்."

"எந்த நாட்டில?"

"அமெரிக்காவில."

மற்றதும் கொஞ்ச நேரத்தில் கரைக்கு வந்துவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் அதே இடத்தில் போய் நின்றேன். நீர்க்காகங்கள் மாறி மாறி மூழ்கி எழும்பிக்கொண்டிருந்தன. செம்மஞ்சள் திரள் சிதறிப்போய், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடிப்புத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. இரண்டு மீன் போனது என்று அந்தத் தம்பி நினைத்திருப்பார். அந்த மூலையின் ஒரு பருவத்து விரால் முழுவதும் போய்விட்டது.

அவர் பார்த்த வீடியோ பொய்யானது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விரால் இனம் அந்நிய மீன். 2002இல் மேரிலாந்து மாநிலத்தின் குரொப்டன் என்ற ஊரில் ஒரு குளத்தில் ஆசியாவின் வட பகுதிக்குரிய விரால் இனம் ஒன்று பெருகியிருப்பது தெரியவந்து பெரிய செய்தியானது. பிறகு பொட்டோமக் ஆற்றிலும் அது பரவியது. அங்கே அதைப் பிடித்தால் திரும்ப விடாதீர்கள், கொன்றுவிடுங்கள் என்று அரசாங்க அதிகாரிகளே தூண்டில்காரர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். குஞ்சோடு இருப்பதைப் பிடித்தால் அவர்களுக்கு இன்னும் நல்லது. அந்த நீரிலிருந்து அது குறைய வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். இங்கே விரால் இந்த மண்ணின் மீன். எங்கள் குளத்தில் அது குறையக் கூடாது. அங்கே சரியாக இருக்கும் ஒரு செயல் இங்கே அழிவாகிறது.

அதே வட அமெரிக்காவில் தங்கள் சொந்த மீனான பாஸை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பாஸிலும் ஆண் மீன் கூட்டையும் குஞ்சையும் காவல் காக்கும். ஒன்ராறியோவின் தென்பகுதியில் பல நீர்நிலைகளில் அந்தக் காலத்தில், ஜூன் பின்பகுதி வரை, பாஸ் பிடிக்கத் தடை இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், பருவம் திறக்கும் சனிக்கிழமைக்காக எல்லோரும் நாள் பார்த்துக் காத்திருப்பார்கள் என்று சொன்னார். அந்த நாட்டுத் தூண்டில் எங்கள் குளக்கட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டுப்பாடு மட்டும் கூட வரவில்லை.

"பிடிச்சுப் படமெடுத்திட்டு விட்டிடுவன் அண்ணை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காவல் மீன் கரையில் கிடக்கும் அந்தச் சில நிமிடங்கள் போதும். பாஸ் ஆய்வாளர்கள் இதைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள்: ஆண் பாஸை எடுத்த உடனேயே சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்னத் தொடங்குகின்றன. களைத்துப்போய்த் திரும்பும் ஆண் சில வேளை காவலையே கைவிட்டுவிடுகிறது. எங்கள் குளத்தில் திலாப்பியாவும் கெளிறும் நீர்க்காகமும் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

"நான் விட்டா வேறை ஆள் பிடிப்பான்" என்பது அடுத்த பேச்சு. பிடிக்கலாம். ஆனால் கட்டில் நிற்கும் நாலு பேரில் ஒருவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு "இதில குஞ்சு நிக்குது, அங்காலை போவம்" என்று சொன்னால் மற்ற மூவரும் பெரும்பாலும் கூடவே நடப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். யாரையும் பேசித் துரத்த வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் குஞ்சுத் திரளைக் காட்டி, கீழே தாய் நிற்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை பிறகு ஒருவரையும் அதில் வீச விடாது.

இன்னொன்று, எங்கள் குளங்களில் நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையும் நன்னீர் மீனவர் சங்கங்களும் விடும் குஞ்சுகளில் பெரும்பகுதி திலாப்பியாவும் கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களும்தான். விரால் பெருகுவது அநேகமாக அந்த அலைகரைக் காவலால்தான். அதனால் வீசுவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்று தண்ணீரைப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பொட்டுப் பொட்டாகத் துடித்தால், செம்மஞ்சளாக ஒரு திரள் தெரிந்தால், ஒரு பெரிய மீன் இடம் மாறாமல் மேலே வந்து வந்து போனால், அந்த மூலையை விட்டுவிடுங்கள். குஞ்சுகள் வளர்ந்து நிறம் கறுத்துக் கலைந்து போகும்வரை அங்கே போக வேண்டாம். விரால் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் குளம் இறங்கும் காலம் இருக்கிறது, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து மட்டம் குறையும்போது மீன் தாமரைக்குள் ஒதுங்கி நிற்கும்.

சங்கத்து வலைக்கு மேல் வீசுவது

பல குளங்களில் நன்னீர் மீனவர் சங்கம் இருக்கிறது. அவர்களுக்கு அது சீவியம், எங்களுக்குப் பொழுதுபோக்கு. போன உடனே "அண்ணை, வலை எங்க கிடக்கு?" என்று கேளுங்கள். அநேகமாக எந்தப் பக்கம் விரால் நிற்கிறது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். கொக்கி வலையில் மாட்டினால் வெட்டாதீர்கள். தோணிக்காரரைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

முதலை

இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் இறங்காதீர்கள், பிடித்த மீனை இடுப்பில் கட்டாதீர்கள், கரையிலிருந்து மீன் வெட்டாதீர்கள்.

வான் பாயும்போது அணையில் நிற்பது

வேண்டாம். துருசு வாயிலும் வேண்டாம்.

சிவப்புப் பலகைக்கு அப்பால்

கால் வைக்காதீர்கள். புதுப் பாதையும் வெட்டாதீர்கள். மிதிவெடி அகற்றாத இடம் இன்னும் இருக்கிறது.

"பாஸைக் கொண்டுவந்து விட்டால் என்ன?"

இதையும் ஒருவர் ஆசையோடு கேட்டார். தயவுசெய்து அந்த எண்ணமே வேண்டாம். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு அறிஞர்கள் தொகுத்த பட்டியலில் பெருவாய் பாஸ் இருக்கிறது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவும் அதே பட்டியலில் இருக்கிறது. திலாப்பியா எங்களுக்குச் சோறு போட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வந்த பிறகு அதைத் திருப்பி அனுப்ப யாராலும் முடியவில்லை. மீன்தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனைக் குளத்தில் விடுவதும் இதே பிழைதான்.

விடும் மீனை எறிவது

சின்ன விராலைக் குளத்துக்குள் விடுவதாகச் சொல்லிக் கட்டிலிருந்தே வீசுகிறார்கள், அல்லது சுடுகின்ற கருங்கல்லில் துள்ள விட்டுப் படமெடுத்த பிறகு காலால் தள்ளுகிறார்கள். பாஸ் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தை ரே ஸ்காட் என்பவர் 1972இல் கொண்டுவந்தார். விட்ட மீன் பிழைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் முன்பே நசுக்கி வைத்தால் ஒரு திருப்பிலேயே கழன்றுவிடும். பிறகு தண்ணீர் ஓரமாகக் குந்தி, மீனைக் கையிலிருந்து மெல்ல இறக்கிவிடுங்கள். போகும்போது அறுந்த நூலையும் பொறுக்கிக்கொண்டு போங்கள், அதில் கொக்குக் கால் சிக்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.