தண்ணீர் பட்ட போன் ஆன் ஆகவில்லையா? போர்டில் ஷார்ட் கண்டுபிடிக்கும் முறை

தண்ணீர் மட்டும் பட்டால் போர்டு (போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை) அவ்வளவு சீக்கிரம் கெடாது. தண்ணீரும் பேட்டரி மின்சாரமும் சேரும்போதுதான் கெடுகிறது. போனை அணைத்து வைத்தாலும் பேட்டரி லைனில் 4 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். உப்பு கலந்த ஈரத்தின் வழியே அது பாயும்போது செம்பு கரைந்து பக்கத்துப் பின்னில் போய்ப் படிகிறது. கனெக்டரில் தெரிகிற பச்சைக் களிம்பு அப்படி வந்ததுதான். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. ஷீல்டுக்கு (சிப்களை மூடியிருக்கும் உலோக மூடிக்கு) அடியில் தேங்கிய ஈரத்தை அரிசியால் இழுக்க முடியாது. புதைத்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

தேவையானவை

டயோடு மோடு உள்ள மல்டிமீட்டர், கரன்ட் லிமிட் வைக்கக்கூடிய டிசி பவர் சப்ளை (30 வோல்ட், 5 ஆம்பியர் போதும்), சோல்டரிங் அயர்ன், ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி), சோல்டரிங் பேஸ்ட், ரோசின் கட்டி, மென்மையான பிரஷ், கூர்நுனி ட்வீசர், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் அல்லது மைக்ரோஸ்கோப். சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்குங்கள். 70 சதவீதக் கிருமிநாசினி வேண்டாம். அதில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான்.

படி 1: பேட்டரியைக் கழற்றுங்கள்

சார்ஜர் போட்டுப் பார்க்காதீர்கள், பவர் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். பின்மூடியைத் திறந்ததும் முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி கனெக்டர். பேட்டரி உப்பியிருந்தாலோ உள்ளே ஈரம் இறங்கியிருந்தாலோ அதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். சிம் ட்ரே பகுதியிலோ கனெக்டர் அருகிலோ வெள்ளையான சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அது சிவப்பாகியிருந்தால் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது.

படி 2: போர்டைத் தனியாக எடுத்துக் கழுவுங்கள்

கேமரா, ஸ்பீக்கர், டிஸ்ப்ளே எல்லாவற்றையும் பிரித்துவிட்டு வெறும் போர்டை மட்டும் எடுங்கள். கடல் நீரோ உப்புத் தண்ணீரோ பட்டிருந்தால் முதலில் டிஸ்டில்டு வாட்டரில் அலச வேண்டும். உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. நேராக ஆல்கஹாலில் கழுவினால் உப்பு ஐசிக்கு (சிப்புக்கு) அடியிலேயே தங்கி, அடுத்த மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி வேலையைக் காட்டும்.

அதன்பின் ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் ஒரே திசையில் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் 0.6 மில்லிமீட்டர் நீளமே உள்ள கெப்பாசிட்டர்கள் பெயர்ந்து வந்துவிடும். கிளிப் வகை ஷீல்டைத் திறந்து உள்ளேயும் சுத்தம் செய்யுங்கள். சோல்டர் செய்த ஷீல்டை ஈரத்தோடு ஹாட் ஏரில் எடுக்கக் கூடாது. ஐசிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி விரிந்தால் ஐசியே பிளந்துவிடும். 60 முதல் 70 டிகிரியில் ஒரு மணி நேரமாவது காயவைத்த பிறகுதான் ஹாட் ஏரைத் தொட வேண்டும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். போர்டில் ஆல்கஹால் ஈரம் மிச்சமிருக்கும்போது சூடு காட்டாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

படி 3: லென்ஸ் வைத்துப் பாருங்கள்

பேட்டரி கனெக்டர், சார்ஜிங் ஸ்ட்ரிப் (மெல்லிய பட்டை வயர்) கனெக்டர், டிஸ்ப்ளே கனெக்டர் ஆகிய மூன்றையும் பின் பின்னாகப் பாருங்கள். எப்போதும் மின்சாரம் நிற்கிற பின்கள்தான் முதலில் அரிக்கும். பச்சை, வெள்ளைப் படிவைச் சுத்தம் செய்துவிடலாம். கறுத்திருந்தால் அந்த இடம் எரிந்திருக்கிறது. கெப்பாசிட்டரின் ஒரு முனையில் வெள்ளி நிறப் பூச்சு கரைந்து போயிருந்தால் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

படி 4: மீட்டரில் அளங்கள்

மீட்டரை டயோடு மோடில் வைத்து, சிவப்புக் கம்பியைக் கிரவுண்டிலும் (போர்டின் நெகட்டிவ்) கறுப்புக் கம்பியை அளக்க வேண்டிய புள்ளியிலும் வையுங்கள். ஷீல்டின் விளிம்பு நல்ல கிரவுண்ட். முதலில் பேட்டரி பாசிட்டிவ். அடுத்து மெயின் பவர் லைன். குவால்காம் சிப் உள்ள போன்களின் ஸ்கிமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) அது விபிஎச் பவர் என்றும், ஐபோனில் விடிடி மெயின் என்றும் இருக்கும். பவர் ஐசியைச் சுற்றியுள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் அந்த லைன் கிடைக்கும்.

நல்ல லைனில் பெரும்பாலும் 0.3 முதல் 0.6 வரை காட்டும். 0.000 அல்லது அதை ஒட்டிக் காட்டினால் ஷார்ட், அதாவது லைன் நேரே கிரவுண்டோடு சேர்ந்துவிட்டது. எண் சின்னதாகத் தொடங்கி மெல்ல ஏறினால் பயப்பட வேண்டாம். கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறுகிறது. ஓஎல் என்று காட்டினால் இணைப்பு அறுந்திருக்கலாம்.

புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் ஏமாறுவது பீப் சத்தத்தில்தான். சிபியு, ஜிபியு லைன்களின் ரெசிஸ்டன்ஸ் இயல்பாகவே சில ஓம்தான் இருக்கும். பல மீட்டர்கள் 30 ஓமுக்குக் கீழே எல்லாவற்றுக்கும் பீப் அடிக்கும். பீப்பை மட்டும் நம்பி நல்ல கெப்பாசிட்டர்களை வரிசையாகப் பிடுங்காதீர்கள். ஓம் மோடில் எண்ணைப் பாருங்கள். அதே மாடலில் வேலை செய்யும் போர்டு ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

படி 5: டிசி சப்ளை கொடுத்துப் பாருங்கள்

பேட்டரி லைன், மெயின் லைன் இரண்டிலும் முழு ஷார்ட் இல்லை என்றால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். ஷார்ட் இருந்தால் நேராகப் படி 6-க்குப் போங்கள். 4 வோல்ட், 1 ஆம்பியர் லிமிட் வைத்து பூட் கேபிளில் (பேட்டரிக்குப் பதிலாகச் சப்ளையைப் போர்டில் மாட்டும் வயர்) இணையுங்கள். பட்டனை இன்னும் தொட வேண்டாம். நல்ல போர்டு இந்த நிலையில் கிட்டத்தட்ட எதுவும் இழுக்காது. 20 முதல் 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் லீக்கேஜ் (மின்கசிவு). பெரும்பாலும் அழுக்கு மிச்சமிருக்கும், இன்னொரு முறை கழுவிக் காயவையுங்கள்.

இப்போது பட்டனை அழுத்துங்கள். ஊசி அசையவே இல்லை என்றால் பவர் பட்டன் ஸ்ட்ரிப்பையும் பேட்டரி கனெக்டர் பின்களையும் பாருங்கள். அழுத்தியதும் கரன்ட் குபீரென்று ஏறினால், பவர் ஐசி கொடுக்கிற துணை லைன் ஒன்றில் ஷார்ட். பவர் ஐசியை ஒட்டியிருக்கும் காயில்களை ஒவ்வொன்றாக அளந்தால் எந்த லைன் என்று தெரிந்துவிடும்.

படி 6: ஷார்ட் ஆன பாகத்தைக் காட்டிக்கொடுக்க வைப்பது

மெயின் லைனில் ஷார்ட் என்று வைத்துக்கொள்வோம். சூடான அயர்ன் முனையை ரோசினில் தொட்டு, வரும் வெண்புகையைப் போர்டின் மேல் படியவிடுங்கள். மெல்லிய வெள்ளைப் பூச்சு உருவாகும். மெயின் லைன் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையில் மெல்லிய வயரைச் சோல்டர் செய்து, சப்ளையின் பாசிட்டிவை அதிலும் நெகட்டிவை ஷீல்டிலும் கொடுங்கள். 1 வோல்ட், 2 ஆம்பியர் லிமிட்டில் தொடங்குங்கள். ஷார்ட்டின் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம் என்றால் 2 ஆம்பியரில் 0.4 வாட் சூடு வரும். கடுகைவிடச் சிறிய பாகத்துக்கு அது நிறைய. எங்கே வெள்ளைப் பூச்சு முதலில் உருகிக் கண்ணாடி போலத் தெளிகிறதோ அங்கேதான் கோளாறு. உடனே சப்ளையை நிறுத்துங்கள்.

லைனின் இயல்பான வோல்ட்டேஜைத் தாண்டக் கூடாது. 1.8 வோல்ட் லைனில் 4 வோல்ட் கொடுத்தால் ஷார்ட் விலகும் அந்த நொடியில் மெமரியும் சிபியுவும் சேர்ந்து போய்விடும். போட்டோவும் தொடர்பு எண்களும் அதோடு போகும்.

சூடானது கெப்பாசிட்டர் என்றால் பேஸ்ட் வைத்து, 350 டிகிரியில் ஹாட் ஏர் காட்டி எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். ஷார்ட் நீங்கியிருந்தால் அதே அளவு, அதே மதிப்புள்ளதைப் போடுங்கள். ஒரே லைனில் பல கெப்பாசிட்டர்கள் இருந்தால், ஒன்று இல்லாமலும் பெரும்பாலும் ஓடும். ஐசி சூடானால் அவசரப்படாதீர்கள். பக்கத்துக் கெப்பாசிட்டரின் சூடு ஐசிக்கும் பரவியிருக்கலாம். அதை முதலில் எடுத்துப் பாருங்கள். ஐசியே என்று உறுதியானால், ரீபால் (ஐசிக்கு அடியில் சோல்டர் உருண்டைகளை மறுபடி வைப்பது) பழகாதவர்கள் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பது நல்லது.

படி 7: ஆன் ஆகிறது, சார்ஜ் ஏறவில்லை

சார்ஜிங் சப் போர்டில் (சார்ஜிங் போர்ட் இருக்கும் சிறிய போர்டு) 5 வோல்ட் வருகிறதா, அதே 5 வோல்ட் ஸ்ட்ரிப் தாண்டி மெயின் போர்டுக்கும் வருகிறதா என்று அளங்கள். இடையில் காணாமல் போனால் ஸ்ட்ரிப்பிலோ கனெக்டரிலோதான் பிரச்சினை. டேட்டா பின்கள் இரண்டும் டயோடு மோடில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். டைப்-சி போர்ட்டின் சிசி பின்கள் (கேபிள் மாட்டியதைக் கண்டறியும் பின்கள்) இரண்டும் அப்படியே. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்த வழியில் அரிப்பு. வெப்பநிலை எச்சரிக்கை காட்டிச் சார்ஜ் நின்றால், பேட்டரி கனெக்டரின் தெர்மிஸ்டர் (வெப்பநிலை அறியும் பாகம்) பின்னைப் பாருங்கள்.

படி 8: முதலில் பேக்கப்

போன் ஆன் ஆனதும் மூடியை ஒட்டுவதற்கு முன்பே டேட்டாவை முழுவதும் நகல் எடுத்துவிடுங்கள். ஐசிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கிய அரிப்பு சில வாரம் கழித்தும் போர்டை நிறுத்தக்கூடும். பழைய ஒட்டுப்பசையைச் சுரண்டி எடுத்துப் புதிய அட்ஹெசிவ் போடுங்கள். ஐபி68 (தூசி, தண்ணீர் புகாத் தர எண்) என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், திறந்து மூடிய போனுக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. இதைப் போனின் சொந்தக்காரரிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.