பெயரே தெரியாத கடைப்படம்

ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வைக்க, பெரிய நிறுவனம் இல்லாமல் சொந்தமாகச் செய்த என் இண்டி கேமின் கடைப்படத்தை ஒரு மாதம் வரைந்தேன்: காடு, கோட்டை, நாயகன், பின்னால் ஏழு எதிரிகள். பெரிய திரையில் பிரமாதம். 120×45 பிக்சலுக்குச் சுருங்கியதும் வெறும் பச்சைக் கறை. பெயரோ எறும்பு வரிசை.

கோட்டையைத் தூக்கினேன், எதிரிகளையும். (அந்த ஏழு பேருக்கே இரண்டு வாரம் போயிருந்தது, வயிறு எரிந்தது.) கரும் பின்னணியில் நாயகன் முகம் மட்டும், ஓரத்தில் ஆரஞ்சு வெளிச்சம். சின்ன கேப்சூலுக்கு (பட்டியல்களில் வரும் சிறிய கடைப்படம்) தனிக் கோப்பு. அதில் ஏறக்குறைய முழு இடமும் கேம் பெயர் லோகோவுக்கே. பெரியதைச் சுருக்கி ஒப்பேற்றியதுதான் முதலில் செய்த தப்பு.

பிறகு மற்ற கேம்களின் படங்களுக்கு நடுவே ஒட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, எட்டி நின்று பார்த்தேன். பெயரைப் படிக்க முடிந்தது. விருதுப் பெயரும் விமர்சன மதிப்பெண்ணும் சேர்க்க ஆசைதான். 2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் விதி அதை அனுமதிப்பதில்லை.